எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் இப்போதே குடித்துவிடுங்கள். கதை நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கூஜா அதோ, சந்திரம்மா பக்கத்தில் இருக்கிறது. குடித்தாயிற்றா? சரி. கதவைத் தாழ் போடு. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இது சந்திரம்மாவின் பெரியப்பா எத்திராஜுக்கு நடந்தது. அவள் தன் வாயால் சொல்ல மாட்டாள். எங்காவது தப்பாக வந்தால் மட்டும் தலையை ஆட்டுவாள்.

ராத்திரி பத்தரை மணி. மலைப்பாதை. திருத்தணிப் பக்கத்திலிருந்து ஏறி நகரிப் பக்கம் இறங்குகிற ஒற்றையடித் தடம். நிலா இல்லை. இரண்டு பக்கமும் புங்கமரம் பூத்துக் கொட்டியிருந்தது. காலை வைத்தால் மெத்து மெத்தென்று பூ. அந்தப் பூவின் மேல் எத்திராஜ் ஒருத்தியைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

சர்ர்... சர்ர்... நின்று மூச்சு வாங்குவான். மறுபடி சர்ர்...

இடுப்பில் தண்ணீர்க் குடுக்கை தொங்கியது. ஒவ்வோர் இழுப்புக்கும் அது களக், களக் என்றது.

எத்திராஜ் மலையடி ஊரின் தலையாரி. ஊருக்குக் காவல், கிராம முன்சீப்புக்கு ஏவல். அந்த வேலைக்கென்று விட்டிருந்த ஒன்றேகால் ஏக்கர் மானிய நிலம், அதில் ஒரு கிணறு. அவனுக்கும் அவன் பெண்டாட்டி செங்கம்மாவுக்கும் கூடவே இருந்த தம்பி குடும்பத்துக்கும் சோறு அதில்தான்.

பங்குனி பிறந்தால் அந்தத் தடத்தில் கூட்டம் நிற்காது. திருமலைக்கு வேண்டிக்கொண்டு நடக்கிறவர்கள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை. நாலு நாள் நடை. முதல் நாள் தொண்டை கிழியக் கோவிந்தா. இரண்டாம் நாள் உள்ளங்கால் கொப்புளம். கருவேல முள்ளால் குத்தி நீரை வடித்து, நல்லெண்ணெய் தடவி, கட்டியிருக்கிற மஞ்சள் துணியிலேயே ஓரம் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். தங்கிய இடமெல்லாம் மூன்று கல் அடுப்பு, கரி, எச்சில் இலை. புதருக்குப் பின்னால் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். பச்சை ஈ மொய்க்கும். புண்ணியத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சத்தை மண் போட்டு மூடுகிறவன் எத்திராஜ்.

அந்த வருஷம்தான் எல்லை பிரிந்தது. இந்தத் தாலுகா மதராசுக்கு, அந்த ஊர் ஆந்திராவுக்கு என்று எங்கேயோ உட்கார்ந்து கோடு போட்டார்கள். மலை உச்சியில், தடத்தின் நடுவிலேயே ஒரு கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் எத்திராஜ் ஊர், ஆந்திரா. அந்தப் பக்கம் செங்கம்மா பிறந்த ஊர், மதராஸ். அங்கே தலையாரி யார்? செங்கம்மாவின் அண்ணன் முனிகிருஷ்ணன். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் மாமன் மச்சான் இரண்டு ராஜ்யத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அதற்கு நாலாம் நாள் பொழுது சாயும் நேரத்தில், கல்லடியில், அந்த நடைக்காரி விழுந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். பேதி கண்டிருந்தது. மஞ்சள் சேலை இடுப்புக்குக் கீழே மஞ்சளாக இல்லை. கூட வந்தவர்கள் நிற்கவில்லை. நின்றால் வேண்டுதல் கெட்டுவிடுமாம். எட்ட நின்று இரண்டு கோவிந்தா போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அவள் பெயர் என்ன, ஊர் எது என்று சொல்லக்கூட ஒருத்தர் தங்கவில்லை.

எத்திராஜ் முன்சீப் ஆதிநாராயணனிடம் ஓடினான். முன்சீப் மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

“எந்தப் பக்கம்டா கெடக்கா?”

“நம்ம பக்கந்தாங்க. கல்லுக்கு இப்டி ரெண்டு முழம்.”

“ரெண்டு முழமா? அட, ரெண்டு முழம் அந்தாண்ட தள்ளு. தீந்துது.”

“உசுரு இருக்குதுங்க. தண்ணி கேக்குறா.”

“குடுத்தியா?”

“இன்னும் இல்லீங்க...”

“குடுக்காதே. குடுத்தா கடைசியா பாத்தவன்னு உன் பேருதான் ஏறும். நாளைக்கு செத்தா சாட்சி வெச்சி பஞ்சநாமா எழுதணும், அறுக்கறதுக்கு சித்தூருக்கு வண்டி, கோர்ட்டு... எவன்டா அலையறது? அடுத்த வாரம் கல்லு பாக்க ஆபீசருங்க வராங்க. புது எல்லைல மொத பொணம் என் ஊர்லயா விழணும்?” விரலை ஒவ்வொன்றாக நக்கினார். “உன் மானியத்த வேற ஆளு பேருக்கு மாத்தறதுக்கு எனக்கு எவ்ளோ நேரம் ஆவும், சொல்லு பாக்கலாம்?”

எத்திராஜுக்குத் தெரியும்.

ஆகவேதான் அந்த ராத்திரி, அந்த சர்ர்... சர்ர்... கேளுங்கள், அப்போது அவள் பிணம் இல்லை. உயிரோடு இருந்தாள். கால் இரண்டையும் துணிச் சுற்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். தலை கல்லில் இடித்தபோதெல்லாம் ‘ம்’ என்றாள். இடுப்பில் குடுக்கை ஆடிய சத்தத்துக்கு அவள் கண் அந்தப் பக்கமே திரும்பியது.

“தம்பீ... தண்ணி கீதே... ஒரு வாய்...”

கல்லைத் தாண்டி ஏழெட்டு முழம் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். குடுக்கையில் இருந்ததை வழியில் அவனே குடித்தான்.

மறுநாள் காலையில் போனால்... அவள் இந்தப் பக்கம் கிடக்கிறாள். அதே இடம், கல்லுக்கு இரண்டு முழம். வாய் திறந்திருந்தது. உள்ளே எறும்பு போய் வந்துகொண்டிருந்தது.

கல்லின் மேல் முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். பீடி புகைந்தது.

“இன்னா மச்சான், தங்கச்சிய கட்டிக் குடுத்ததுக்கு இதான் சீரா? ராவோட ராவா எங்க ஊட்டாண்ட தள்ளிட்டுப் போயிட்ட?”

“நான் தள்றப்போ உசுரு இருந்திச்சி.”

“என் கைக்கும் உசுரோடதான் வந்தா. எங்க முன்சீப்பும் உங்க முன்சீப்பு மாதிரிதான், வேறயா?” பீடியை நசுக்கினான். “தண்ணி கேட்டா.”

“குடுத்தியா?”

முனிகிருஷ்ணன் மலையைப் பார்த்தான்.

அன்று பகல் முழுக்க நடைக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. இரவு எத்திராஜ் மறுபடி இழுத்தான். விடியுமுன் முனிகிருஷ்ணன் திருப்பி இழுத்தான். மூன்றாம் ராத்திரி அவள் உப்பிப் போயிருந்தாள். வயிறு பானை மாதிரி. புங்கம்பூ வாசனையும் அந்த நாற்றமும் ஒன்றாகக் கலந்து, இனித்துக்கொண்டே குமட்டியது. எத்திராஜ் மூச்சை அடக்கி இடது காலைப் பற்றி ஒரு இழுப்பு இழுத்தான்.

வழுக்கியது. கையோடு வந்துவிட்டது.

கால் இல்லை. உள்ளங்கால் தோல். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் உறை மாதிரி கழன்று, மஞ்சள் துணிச் சுற்றுக்குள் ஈரமாக, அவன் உள்ளங்கையில் கிடந்தது.

புதரில் வீசி எறிந்தான். வாந்தி எடுத்தான். கையில் மண் போட்டுத் தேய்த்தான், சாம்பல், புளி, மாட்டு மூத்திரம், எல்லாம் போட்டுத் தேய்த்தான். சோற்றில் கை வைக்க முடியவில்லை. செங்கம்மாதான் ஊட்டினாள்.

நாலாம் நாள் காலையில் கல்லடியில் அவள் இல்லை.

“பொதச்சிட்டியா மச்சான்?” என்றான் எத்திராஜ். கும்பிடாத குறைதான்.

“நீ பொதச்சிட்டன்னு இல்ல நான் நெனச்சிக்கினு வரேன்?”

இருவரும் தரையைப் பார்த்தார்கள். உதிர்ந்த பூவின் மேல் இழுத்த தடம். ஒன்றில்லை, இரண்டு. கல்லில் தொடங்கி ஒன்று கிழக்கே இறங்கியது, ஒன்று மேற்கே. இரண்டிலும் இழுத்துப் போனவனின் காலடி இல்லை.

எத்திராஜ் தன் பக்கத்துத் தடத்தோடு இறங்கினான். மலையை விட்டு, வண்டிப்பாதையைத் தாண்டி, அவன் மானிய நிலத்தின் வரப்பு வரைக்கும் வந்து... புல்லில் மறைந்தது. அதற்கு மேல் அவன் தேடவில்லை. வந்த வழியே திரும்பி ஏறி, தடத்தைக் காலால் கலைத்துக்கொண்டே போனான். அது அவனுக்குப் பழகிய வேலை.

அடுத்த வாரம் ஆபீசர்கள் வந்தார்கள். கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். இளநீர் குடித்தார்கள். போனார்கள். “பாத்தியா? இவ்ளோதான்டா ராஜ்யம்” என்றார் முன்சீப். மானியம் தப்பியது.

அந்த வாரத்திலிருந்துதான் கிணற்றுத் தண்ணீர் இனிக்க ஆரம்பித்தது.

முதலில் சொன்னவள் செங்கம்மா. “இன்னாமோ தெரியல, இளநி கணக்கா கீது. குடிச்சிப் பாரேன்.” ஊரே வந்தது. நடைக்காரர்கள் இறங்கி வந்ததும் நேராக அந்தக் கிணற்றடிக்கே போனார்கள். குனிந்து, கையைக் குவித்து, மடக் மடக்கென்று. பெருமாள் தீர்த்தம் என்றுகூட ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முன்சீப் வீட்டுக்குத் தினம் இரண்டு குடம் போயிற்று. அவர் மோர் கடைவதற்கு இந்தத் தண்ணீர்தான் வேண்டுமாம்.

எத்திராஜுக்கு மட்டும் குடத்தைத் தூக்கி வந்தாலே குமட்டும். புங்கம்பூ வாசனை. அதன் அடியில் இன்னொன்று.

ராத்திரியில் அவனுக்குச் சத்தம் கேட்கும். கிணற்றுப் பக்கத்திலிருந்து. களக்... களக்... இடுப்பில் கட்டிய குடுக்கை ஆடுகிற மாதிரி. குடுக்கையை அவன் எப்போதோ உடைத்துப் போட்டாயிற்று.

அவள் காணாமல் போன பன்னிரண்டாம் நாள் விடியற்காலை. செங்கம்மா நீர் இறைத்தாள். மூன்றாவது குடத்தில் ஏதோ மிதந்தது. பூச்சருகு என்று நினைத்துக் கையால் எடுத்தாள். மஞ்சள் துணி. சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தாள்.

அவள் கத்தின கத்தலில் எத்திராஜ் ஓடி வந்தான்.

இடது உள்ளங்கால். தண்ணீரில் ஊறி வெள்ளை வெளேரென்று, வெந்த மாதிரி. குதிகால் வெடிப்பு கோடு கோடாக அப்படியே இருந்தது. பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் குத்தின முள் முறிந்து உள்ளேயே நின்றது.

புதரில் வீசியது. மலை மேல், கல்லுக்குப் பக்கத்தில், ஒன்றரை மைல் தூரத்தில் வீசியது.

ஊருக்குத் தெரியாமல் கவலை ஏற்றத்தில் மாடு பூட்டினான். பயிருக்கு இறைக்கிற மாதிரி இரண்டு நாள் மாட்டை ஓட்டிக் கிணற்றை வற்ற இறைத்தான். தரையில் மணல் தெரிந்தது. இறங்கினான். முழங்கை வரை விட்டுத் துழாவினான். ஓர் எலும்பு இல்லை. ஒரு மயிர் இல்லை. சுத்தமான மணல். அவன் நிற்கும்போதே ஊற்று கொப்பளித்து முழங்காலுக்கு ஏறியது. களக் என்றது.

மேலே ஏறி வந்தால் வரப்பில் முனிகிருஷ்ணன் நிற்கிறான். மலை தாண்டி வந்திருக்கிறான். முகத்தில் ரத்தம் இல்லை. கையில் ஒரு வாழை மட்டை, பொட்டலமாக மடித்து.

“எங்க கெணறும் இனிக்கிது மச்சான்...” என்றான். “பத்து நாளா.”

பிரித்தான். மஞ்சள் துணி. வலது கால்.

எத்திராஜ் ஒளித்து வைத்திருந்த இடது கால் பொட்டலத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். செங்கம்மா இருவரையும் உலுக்கிக் கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

“கெணத்த மூடுங்கடா” என்றாள். “ஊருக்குச் சொல்லுங்க. முன்சீப்பு தினம் குடிக்கிறானே, அவன்கிட்ட மொதல்ல சொல்லுங்க!”

சொல்லியிருந்தால்? யார் இழுத்தது, எப்போது இழுத்தது, அப்போது உயிர் இருந்ததா... பஞ்சநாமா. கிணறு போனால் நிலம் போச்சு. அந்த நிலத்துக்காகத்தானே அத்தனையும். இரண்டு பொட்டலத்தையும் கல்லடியில் புதைத்தார்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதிலும் பங்கு பிரித்தார்கள், பாருங்கள்.

செங்கம்மா அன்று இரவே அண்ணனோடு மலையேறிப் பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆனால் அங்கேயும் அதே தண்ணீர்தானே? ஏழாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு புருஷனுக்கு அவள் ஊட்டவில்லை.

எத்திராஜ் அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடிக்கவில்லை. அடுத்த ஊர் ஏரியிலிருந்து கலங்கல் தண்ணீர் சுமந்து வந்து குடித்தான். ஆறு வருஷம் கழித்து, அதே பங்குனியில், காய்ச்சலில் படுத்தான். பேதி கண்டது. எழுந்து போக முடியவில்லை. வேட்டியோடு போயிற்று. கட்டிலைச் சுற்றி ஈ.

“ஒரு வாய்... தண்ணி...” என்றான்.

செங்கம்மா கிணற்றுத் தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டு போனாள். அவன் மோந்து பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். உதட்டைப் பிளந்து ஊற்றியது எல்லாம் கன்னத்தில் வழிந்து பாயில் இறங்கியது. மூன்று நாள் கேட்டான். மூன்று நாளும் கொடுத்தார்கள். மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டான். வறண்ட நாக்கோடு போய்ச் சேர்ந்தான்.

பாடை கட்டத் தூக்கினபோது பார்த்தார்கள். படுத்ததிலிருந்து வாசல் தாண்டாத மனுஷன். இரண்டு உள்ளங்காலிலும் நிறையக் கொப்புளம். குத்தி வடித்து, எண்ணெய் தடவியிருந்தது.

நிலம் தம்பிக்கு வந்தது. தம்பி என்றால் சந்திரம்மாவின் நைனா. கிணறு இன்றைக்கும் இருக்கிறது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. பங்குனியில் மஞ்சள் கட்டினவர்கள் வரிசையில் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள்.

சந்திரம்மா பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். திருப்பதியில் இந்த விடுதித் தண்ணீர் அவளுக்குச் சப்பென்று இருக்கிறதாம், தொண்டையில் இறங்குவதில்லையாம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வரும்போதும் ஒரு கூஜா நிறையக் கொண்டு வருவாள். இன்று சாயங்காலம்தான் வந்தாள்.