யாரு கேட்டான்னு கேட்டா

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க மகள். எனக்கு இந்த ரோடு பழக்கம், மாசம் ஒருக்கா போறேன்ல. கண்டியில பஸ்ஸ விட்டு எறங்கினா ஜெயிலுக்கு வழி நான் காட்டுறேன், யார்கிட்டயும் கேக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம்னீங்க? ஆமி சுத்தி வளச்சு ரவுண்டப்புல புடிச்சவங்கள வச்சிருக்கிற பக்கமா. ம். எம் மகனும் அங்கதான்.

தானியேல். தானின்னுதான் கூப்பிடுவேன். ஒரே புள்ள. அவங்க அப்பா தவறினப்ப அவன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான். ஞாயித்துக்கெழமை தவறாம சபைக்கு இழுத்துக்கிட்டுப் போய், பத்துக் கட்டளையும் மனப்பாடமா சொல்ல வச்சு வளத்தேன். சீகிரியாவுல ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டினான். கல்யாணம் கட்டி, ஒரு பொம்பளப் புள்ளையும் இருக்கு.

அப்படிப் பாக்காதீங்க மகள். குண்டு கிண்டு ஒன்னுமில்ல. ரோட்டுல நடந்த விபத்து.

அன்னைக்கு நானும் வேன்ல இருந்தேன். அவனப் பாக்கன்னு சீகிரியா போயிருந்தேன், லீவு கெடச்சிருக்கு, வாங்கம்மா வீட்டுக்குப் போவோம்னு முன் சீட்டுல ஏத்திக்கிட்டான். நாலந்தா தாண்டினதும் புடிச்சிச்சு மழை. மத்தியானம்தான், ஆனா முன்னால ஒன்னும் தெரியல. வளைவுல சைக்கிள்ல ஒருத்தரு. டொக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். நிப்பாட்டு தானி, நிப்பாட்டுன்னேன். கண்ணாடியில பாத்தான், மொகம் வெளுத்துருச்சு. அம்மா, அது ஊர்க்காவல் படைக்காரன், உடுப்பப் பாத்துட்டேன், நாம தமிழ் ஆளுக, நின்னா கொட்டியா, புலின்னு சொல்லி இங்கயே அடிச்சுக் கொன்னுருவாங்கன்னான். அது பொய்யின்னும் சொல்ல முடியாது. இப்ப இருக்கிற நெலமை உங்களுக்குத் தெரியாததா.

நிக்கல. வந்துட்டோம்.

நின்னது வேற ஒருத்தரு. செல்லச்சாமின்னு, அங்கிட்டு ஒரு தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கிறவரு. நனைஞ்சுக்கிட்டு நடந்து போனவரு, ஆளு கெடக்கிறதப் பாத்து மடியில தூக்கிப் போட்டிருக்காரு. மடியிலயே உசிரு போயிருச்சு. ஆளுக ஓடி வந்து பாக்கும்போது எப்படி இருந்திருக்கும், நெனச்சுப் பாருங்க. செத்தது உடுப்புப் போட்டவரு. சட்டையெல்லாம் ரத்தத்தோட ஒக்காந்திருக்கிறது தமிழ் ஆளு. வேன ஒருத்தரும் காணல. மண்டையில அடிச்சுக் கொன்னுட்டான்னு கட்டி இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, அவரு சம்சாரம் நம்ம சபைக்கு வந்துச்சு. மாத்தளையில யாரோ சொந்தக்காரங்க கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. கைப்புள்ளையோட முன்னால நின்னு, எங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டுச்சு. சபையே முட்டிப் போட்டுச்சு. நானும் போட்டேன். கண்ண மூடினேன், ஒரு வார்த்தை வரல மகள். கர்த்தரேன்னு கூட வரல.

பொறகு, பொணத்தப் பாத்த டாக்டரு வண்டி அடிச்சதுன்னு எழுதிட்டாராம். வேன் வச்சிருக்கிறவங்க, ஓட்டுறவங்கன்னு பொலிஸ்காரங்க வீடு வீடா வந்து கேட்டாங்க. பொறகு செல்லச்சாமிய விட்டுட்டாங்க. அடிச்ச அடியில ஒரு காது கேக்கலையாம், ஆனா உசிரோட வந்துட்டாரு. தானியக் கொண்டு போயிட்டாங்க. வேணும்னேதான் அடிச்சான்னு எழுதி வச்சிருக்காங்க. கேசு தவணை மேல தவணை, முடிஞ்ச பாடில்ல.

யாரு காட்டிக் கொடுத்தாங்கன்னா? சொல்றேன். இந்தா, செக் பொயிண்டு. எறங்கணும், ஐடென்டி கார்ட கையில எடுத்து வச்சுக்கங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

ம். ஒக்காருங்க. கார்ட பத்திரமா உள்ள வைங்க. மொதல்ல பயமாத்தான் இருக்கும்.

மருமக புள்ளையத் தூக்கிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. சபைக்குப் போறேன், நான் ஒக்காருற பெஞ்சுல ஒருத்தரும் ஒக்காருறதில்ல. பக்கத்து வீட்டு றமீஸா மட்டும் வேலி ஓரமா நின்னு சாப்பிட்டீங்களான்னு கேக்கும். சாப்பிட்டேன்னு சொல்லணும்னே ஏதாச்சும் ஆக்கி ரெண்டு வாய் திம்பேன். இல்லாட்டி பொய்யாயிருமே.

இல்ல மகள், கொட்டியா வீடுன்னு ஒதுக்கல. அதுக்கில்ல.

போதகர் ஐயாகிட்ட மட்டும் முன்னமே சொல்லியிருந்தேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு கட்டளை இருக்கே ஐயா, நான் என்ன செய்யன்னு. அவரு வேதப் புஸ்தகத்த மூடி வச்சாரு. கேட்டாத்தானே அம்மா சாட்சி, ஒங்கள ஒருத்தரும் கேக்கலையேன்னாரு. அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நாள ஓட்டினேன். கேக்கக் கூடாது, கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

பொலிஸ் ராலாமி வந்து கேட்டுட்டாரு. வயசான மனுசன், தமிழ்லயே மரியாதையா கேட்டாரு. அம்மா, மகன் அன்னைக்கு வீட்டுலயா இருந்தாருன்னு. காய்ச்சல்ல படுத்திருந்தான்னு சொல்லுங்கன்னு தானி காலையிலேயே சொல்லியிருந்தான். அலுமாரி பக்கத்துல நின்னு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு அந்தக் கைப்புள்ள மொகம்தான் வருது. அதுக்கும் மேல, இவன மடியில வச்சுக்கிட்டு அந்தக் கட்டளையச் சொல்லிக் கொடுத்தது நானு.

இல்லிங்க ராலாமி, என்னோட வேன்ல வந்தான்னு சொல்லிட்டேன்.

அம்மான்னான். ஒரு தரந்தான் சொன்னான். அதோட அவன் கொரல நான் கேக்கல மகள்.

மாசா மாசம் போறேன். பேரு எழுதிக் கொடுக்கிறேன், உள்ள கூப்பிடுறாங்க. அவன் வெளிய வர்றதில்ல. நேரம் முடியிற வரைக்கும் கம்பிக்கு இங்கால நின்னுட்டு வந்துருவேன். ஆளு எளச்சிட்டானா, தலைமுடி கொட்டிருச்சா, ஒன்னும் தெரியாது. அங்க காவல் நிக்கிற ராலாமிமாரு, ஆளு இருக்காருன்னு மட்டும் சொல்லுவாங்க. அழுவுறதுக்கா சொல்றேன், வேணாம், கண்ணத் தொடைங்க.

கண்டி வந்துருச்சு. உங்க வீட்டுக்காரரு உங்களப் பாக்க வருவாருல்ல? அவருகிட்ட ஒன்னு கேட்டுச் சொல்றீங்களா. உக்குவளை ஊர்க்காரன் தானியேல்னு ஒருத்தன், மேல் ஒதட்டுல தழும்பு இருக்கும், நல்லா இருக்கானான்னு. நான் கேட்டேன்னு அவரா போய்ச் சொல்ல வேணாம்.

ஆனா, யாரு கேட்டான்னு தானி கேட்டா பொய் சொல்ல வேணாம் மகள். அம்மான்னே சொல்லட்டும்.