ஹோலில் படுக்கும் குடும்பம்

பம்பலப்பிட்டியில் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கட பிளாட்டில மூன்று அறை. ஆனா நாங்கள் எல்லாரும் ஹோலிலதான் படுக்கிறம்."

"ஏனப்பா, ஏசி பழுதோ?" தோழி சிரித்தாள்.

"மாமா, என்ர மனுசன்ர அப்பா, பாஸ்டராய் இருந்தவர் எல்லோ. சண்டை நேரம் இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு வீட்டு அறையெல்லாத்தையும் குடுத்திட்டு, பிள்ளைகளை ஹோலில பாயில படுக்க விட்டவர். கலியாணம் முடிஞ்ச புதுசில இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போயிட்டார். என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நான் அழுதுபோட்டன்."

"பிறகு?"

"கேட்டன். சுத்திவர ஆக்களின்ர சத்தம் இல்லாட்டி நித்திரை வராதாம். நானும் பாயோட போயிட்டன். இப்ப பிள்ளைகளும் அங்கதான்."

"அப்ப அறையள் சும்மா கிடக்கோ?"

"எங்க சும்மா கிடக்கு? ஊரில இருந்து ஆஸ்பத்திரிக்கு வாற ஆக்களை மாமா அனுப்பிக்கொண்டே இருக்கிறார்."

வெள்ளவத்தைச் சந்தை வந்தது. இறங்க எழும்பிய தோழி கொஞ்சம் தயங்கினாள்.

"அடுத்த மாசம் எங்கட பெரியம்மா கண் ஒப்பரேசனுக்கு வாறா..."

"கூட்டிக்கொண்டு வாங்கோ. குறட்டை விடுவாவோ?"

"சாடையா, கொஞ்சம்தான்."

"நல்லதாப்போச்சு. இவர் இன்னும் நல்லா நித்திரை கொள்ளுவார்."