கஞ்சி போட்ட நாப்கின்

அதைத்தாங்க நானும் சொல்றேன், தப்பு முழுக்க அந்த ஹோட்டல்காரங்க மேலதான்! மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவுல ஒரு முழம் இடம் விட்டா சாப்பாடு வாய்க்குப் போகுமா, மடிக்குப் போகுமா? மடிக்குத்தான் போகும். உங்க இந்தக் கோட்டு ஜாக்கெட்டையே பாருங்களேன். இப்படி வெளிச்சத்துல காட்டுங்க... ம்... சாஸ். சுத்தி எண்ணெய் வளையம். ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற ஹோட்டல், ஜன்னலோர மேசை. சரிதானே? பாத்தீங்களா, கண்ணை விரிக்கிறீங்க! பதினாறு வருஷமா லாண்டரி நடத்துறேங்க. இந்த ஊர்ல எந்த ஹோட்டல் என்ன லட்சணம்னு அங்க சாப்பிடறவங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்.

உக்காருங்க, உக்காருங்க. இது பத்து நிமிஷ வேலை. மெஷின் சூடாகட்டும்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஸ்டேஷன் ஹோட்டல்னா உயிர். ஏன்? தட்டு நிறைய வைக்கிறானாம். தட்டு நிறைய வச்சா வழியாதா? அவர் சட்டைய நான்தானே துவைக்கிறேன்! எங்க நாத்தனாருக்கு மொட்டைமாடியில இருக்கிற ஹோட்டல்தான் ஹோட்டலு. மெழுகுவத்தி ஏத்தி வைப்பாங்க, பாட்டு வாசிப்பாங்க, காத்து வரும்பாங்க. காத்து வருது, இல்லங்கல. மெழுகு முழுக்க மேசைத்துணியில வந்து உக்காருது. மெழுகை எடுக்கிறது என்ன பாடு தெரியுமா? கீழ காகிதம், மேல காகிதம், நடுவுல துணி, அதுக்கு மேல இஸ்திரி... சரி, அதை விடுங்க.

நான் எப்பவுமே பாலத்துப் பக்கம் இருக்கிற ஹோட்டல் கட்சி. சின்ன இடம். சமையல்காரம்மா குண்டா, கோவக்காரியா இருப்பாங்க. ஆனா வெள்ளை நாப்கின்... அடடா! கஞ்சி போட்டு, மடிப்பு கலையாம, தொட்டா மொடமொடங்கும். யார் போட்ட கஞ்சி? நான் போட்ட கஞ்சி! அவங்க துணி பூரா இங்கதான் வருது. அதுக்காக நான் அந்த ஹோட்டலைப் புகழறேன்னு எங்க நாத்தனார் சொல்றாங்க. ஒரு வாரம் இதே சண்டைங்க வீட்டுல. உலகத்துல வேற பிரச்சினையே இல்லாத மாதிரி.

ஏன் சண்டைன்னு கேக்க மாட்டீங்களே? சொல்றேன். எங்க பொண்ணு ஒரு பையனை விரும்பறா. நல்ல பையன், சட்டை காலர் உள்பக்கம்கூட அழுக்கு இருக்காது, நான் பாத்துட்டேன். அவங்கம்மா பல் டாக்டர். அப்பா கப்பல்ல இன்ஜினியர், பத்து நாட்டுத் துறைமுகத்துல இறங்கி பத்து நாட்டு வொயினைக் குடிச்ச மனுஷன். ரெண்டு குடும்பமும் முதல் தடவையா ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், சாப்பிட்டுட்டு கல்யாணத்தைப் பத்திப் பேசணும். இப்பச் சொல்லுங்க, எங்க போறதுங்கறது சின்ன விஷயமா?

கடைசியில பாலத்து ஹோட்டல்தான். நான் ஜெயிச்சேன்! ஆனா அங்க போய் உக்காந்தா, மெனு கார்டோட இன்னொரு புத்தகம் கொடுக்கிறான். வொயின் புத்தகம். வொயினுக்கு மட்டும் தனிப் புத்தகம்ங்க! எங்க வீட்டுக்காரர் அதை வாங்கி, கண்ணாடியை ஏத்தி இறக்கி, பரீட்சைப் பேப்பர் மாதிரி பாத்துட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்கும்போல"ன்னு நாத்தனார்கிட்ட தள்ளிட்டார். எங்க நாத்தனார் பாட்டில் அட்டையில படம் இருந்தாத்தான் வாங்குவாங்க. பறவை இருந்தா லேசா இருக்குமாம், குதிரை இருந்தா காரமா இருக்குமாம். யார் சொன்னா? அவங்களே சொல்லிக்கிறது. கப்பல்காரர் பெருந்தன்மையா, "நீங்களே சொல்லுங்க, உங்க ஊர் ஹோட்டல்"னுட்டார். டாக்டரம்மா கையைக் கட்டிக்கிட்டு சிரிச்ச மாதிரி உக்காந்திருக்காங்க. கோட்டு மாதிரி மேல போடற பட்டு ஜாக்கெட்டு. பால் வெள்ளை. உள்ள லைனிங்கூடப் பட்டு.

சர்வர் ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு ஊத்தி, "யார் ருசி பாக்கறீங்க?"ன்னான். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம். சரின்னு நான்தான் வாங்கினேன். வாங்கிட்டேனே தவிர, எனக்கு என்ன தெரியும் வொயினைப் பத்தி? ஒண்ணே ஒண்ணு தெரியும். அது துணியில பட்டா போகுமா, போகாதா. அதனால நாப்கின் நுனியை அதுல நனைச்சு, வெளிச்சத்துல பிடிச்சு, தண்ணி ரெண்டு சொட்டு விட்டு, இப்படிக் கசக்கிப் பாத்தேன். போகல. "இது வேணாம்"னேன். ரெண்டாவது பாட்டில், வேற நாப்கின். அதுவும் ஊதாவா நிக்குது. "இதுவும் வேணாம்." மூணாவது பாட்டில், மூணாவது நாப்கின்... அப்படியே கரைஞ்சு ஓடிடுச்சுங்க! "இது இருக்கட்டும்"னேன்.

சர்வர் குனிஞ்சு கும்பிடாத குறை. கப்பல்காரர் ஒரு வாய் குடிச்சுட்டு, "இத்தனை துறைமுகம் போயிருக்கேன், துணியில நனைச்சு வொயின் பாக்கிறவங்களை இப்பத்தான் பாக்கறேன்"ங்கறார். டாக்டரம்மா நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு, "எங்க கத்துக்கிட்டீங்க?"ங்கறாங்க. ஐயோ, எனக்குத் தலைகால் புரியல. எங்க நாத்தனார் முகத்தைப் பாக்கணுமே நீங்க! ஒரு கிளாஸ்தான் குடிச்சிருப்பேன், ஆனா தரையில கால் பாவல.

அப்பத்தான் அந்தச் சனியன் பிடிச்ச சர்வர் தட்டிவிட்டான். கிளாஸ் சாஞ்சு டாக்டரம்மா கை மேல... முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும். வெள்ளைப் பட்டு!

சர்வர்னா, அவனை மட்டும் சொல்ல முடியாது. மேசையும் ஆடுச்சு. எங்க வீட்டுக்காரர் காலை நீட்டுவாரு, அதுவும் ஒரு காரணம். டாக்டரம்மாவும் கையை அங்க வச்சிருக்க வேணாம்...

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

சரிங்க. நான்தான் ஊத்தினேன். தட்டிவிடல. ஊத்தினேன். அவங்க, "வொயின் கறை போகவே போகாதே"ன்னாங்க. "இந்த வொயின் போகும்"னேன். "அதெப்படி?"ன்னாங்க. "இப்படித்தான்"னு... கேட்டுட்டுத்தாங்க ஊத்தினேன்! ஊத்தினதுக்கப்புறம் கேட்டேன். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவங்க பல் டாக்டரு, அவர் இன்ஜினியரு, நான் துணி துவைக்கிறவ. நாளைக்கு எம் பொண்ணு அந்த வீட்டுல நிக்கும்போது, எங்கம்மாவும் ஒண்ணும் சளைச்சவங்க இல்லைன்னு நிக்கணும். நம்ம வேலையிலயும் ஒரு வித்தை இருக்குன்னு அவங்க கண்ணால பாக்கட்டும்னு ஆசைங்க. வேற ஒண்ணுமில்ல.

தண்ணி விட்டேன். போகல. உப்புப் போட்டேன். இன்னும் பரவுது. எங்க நாத்தனார், "வெள்ளை வொயினை மேல ஊத்துங்க அண்ணி"ன்னு அவங்க பங்குக்கு ஊத்தினாங்க. எம் பொண்ணு தலையில கையை வச்சுக்கிட்டா. எனக்கோ ஒண்ணும் புரியல. என் கண் முன்னாடி நாப்கின்ல போச்சே! அப்புறம் வீட்டுக்கு வந்து படுக்கையில விழுந்ததுக்கப்புறம்தான் உறைச்சுது. நாப்கின் பருத்தி. அதுல நான் போட்ட கஞ்சி. வொயின் கஞ்சி மேலதான் உக்காந்துச்சு, துணிக்குள்ள போகவே இல்ல. கஞ்சி கரைஞ்சா அதுவும் சேந்து போகத்தானே செய்யும்? அந்த மூணாவது நாப்கின் புதுசா கஞ்சி போட்டது, அவ்வளவுதான். வொயினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! பட்டு அப்படியா? பட்டு உறிஞ்சிக்கும்.

"ரெண்டே நாள், புதுசு மாதிரி கொண்டு வந்து தர்றேன்"னு ஜாக்கெட்டைக் கழட்டி வாங்கிட்டு வந்துட்டேன். அவங்களும் பெருந்தன்மையா, "வேணாம், நானே கடைக்கு வந்து வாங்கிக்கிறேன், அப்படியே தேதியும் பேசிடலாம்"னாங்க. எப்ப? இன்னைக்கு. அஞ்சு மணிக்கு. இப்ப மணி என்ன? அஞ்சாக இன்னும் பத்து நிமிஷந்தான்!

கறை போயிடுச்சுங்க. அதுல சந்தேகமே வேணாம், ஒரு பொட்டு இல்ல. கறையோட சேந்து... ஜாக்கெட்டோட கையும் போயிடுச்சு. பட்டுக்கு பிளீச் ஆகாது. தெரியும்! பின்னாடி சுவத்துல எழுதி மாட்டியிருக்கேன், என் கையெழுத்துதான். ஆனா எல்லா மருந்தும் போட்டுப் பாத்தாச்சு, கடைசியா ஒரு வாளித் தண்ணிக்கு மூணே மூணு மூடி விட்டு, கையை மட்டும் முக்கி, முப்பது எண்ணி எடுத்துடலாம்னு நினைச்சேன். இருபத்திரெண்டு எண்ணும்போது ஃபோன் அடிக்குது. நாத்தனார்! "மொட்டைமாடி ஹோட்டலுக்கே போயிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா அண்ணி?"ங்கறாங்க. விடுவேனா? அந்த மெழுகுல ஆரம்பிச்சு, அந்தப் பாட்டுக்காரன் சுருதியில இருந்து, அந்தக் குதிரைப் பட வொயின் வரைக்கும் புட்டுப் புட்டு வச்சேன். முக்கால் மணி நேரம். நல்லா ஜெயிச்சுட்டு வந்து பாக்கறேன், வாளியில கையைக் காணோம். நூல் நூலா மிதக்குது.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. எனக்கும் சிரிப்புத்தான் வருது, அதுதான் பயமா இருக்கு. எம் பொண்ணு காலையில இருந்து மூணு தடவை ஃபோன் பண்ணிட்டா, "ஜாக்கெட் ரெடியாம்மா?"ன்னு. அவ கல்யாணமே இந்த ஒரு கையில தொங்குதுங்க.

ஏங்க... உங்க ஜாக்கெட்டு... இதுவும் வெள்ளைப் பட்டுதானே? பட்டன்கூடக் கிட்டத்தட்ட அதே மாதிரி. தோள் அளவு என்ன? இல்ல, சும்மாதான் கேக்கறேன். ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் இது இங்க இருக்கட்டுமே? அவங்க போட்டுப் பாத்துட்டு, தேதி குறிச்சுட்டு... ஏங்க, இழுக்காதீங்க, தையல் விட்டுடும்! சரி, சரி, விட்டுட்டேன். சாஸ் அப்படியே இருக்கே! பத்து நிமிஷம்... ஏங்க! குடையை வச்சுட்டுப் போறீங்க! ஏங்க!

வாங்க சம்மந்தியம்மா! வாங்க, வாங்க. அஞ்சுக்குன்னீங்க, அதுக்குள்ள... இப்பப் போனாங்களே, அவங்களா? வாடிக்கைதான். ஏதோ அவசரம். உக்காருங்க. தண்ணி தரட்டுமா? ஜாக்கெட்டா? இதோ. உறைக்குள்ள இருக்கு. பிரிக்க வேணாம், வீட்டுல போய்ப் பிரிங்களேன்... பிரிக்கிறீங்களா? சரி.

ரெண்டு கையும் நான்தான் எடுத்தேன். ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணு மட்டும் இருந்தா நல்லா இருக்காதேன்னு வெட்டி ஓரம் அடிச்சேன். வெயில் காலத்துக்கு நல்லா இருக்கும்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். சொல்ல வரல சம்மந்தியம்மா. வொயினைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஊத்தினது நான். பிளீச்சுல போட்டது நான். ஃபோன்ல ஹோட்டல் சண்டை போட்டது நான். உங்க முன்னாடி பெரிய ஆளாத் தெரியணும்னு செஞ்சது. எம் பொண்ணு மேல கோவப்படாதீங்க, அவ என்னை மாதிரி இல்ல. அவ வாயை அடக்கத் தெரிஞ்சவ.

என்ன... அழறீங்களா? ஐயையோ, அழாதீங்க. சிரிக்கிறீங்களா? சிரிப்பா இது! மெதுவா, மெதுவா, புரையேறப் போகுது. போட்டுப் பாக்கறீங்களா? அடடே, தோள் கச்சிதமா இருக்கே! மாமியாராகப் போறவங்க மாதிரியே இல்ல, கல்லூரிப் பொண்ணு மாதிரி... சரி, சரி, சொல்லல.

என்னது? பத்தொன்பதாம் தேதியா? அடுத்த மாசமா? சம்மந்தியம்மா...! இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். விருந்து எங்க வேணாலும் வைங்க, மொட்டைமாடியிலயே வைங்க, எங்க நாத்தனார் காலைத் தொட்டுக் கும்பிடறேன். ஒரே ஒரு நிபந்தனையா? சொல்லுங்க. வெள்ளை வொயின் மட்டுந்தானா? சரி. சிவப்பு ஒரு சொட்டு கிடையாது. சத்தியமா.

ஆனா ஒண்ணு சம்மந்தியம்மா, வெள்ளை வொயினும் கறை விடும், தெரியுமா? உடனே தெரியாது. வெயில் பட்டா மஞ்சளா எழுந்து வரும். நம்ப மாட்டீங்களே? உள்ள நேத்து ஒருத்தர் கொடுத்த பாட்டில் ஒண்ணு இருக்கு, உங்க கைப்பையை மட்டும் இப்படிக் கொடுங்க, ஒரே ஒரு சொட்டு விட்டு... சம்மந்தியம்மா? ஏன் கதவுப் பக்கமா போறீங்க?