மழைக்கு முன் கொட்டாத எரு

அவைக்கு அணிசெய்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தியாகதுருகத்துப் பால் சங்கப் பெரியோர்களே, கறந்த கையின் ஈரம் காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் அரங்கநாதனின் வணக்கம்!

அதோ பாருங்கள், கல்வராயன் மலை! மேகம் அதன் மடியில் தலைசாய்த்து உறங்குகிறது. அந்த உறக்கத்தைக் காணும்போதெல்லாம் என் பிழை ஒன்று எனக்குள் விழித்துக்கொள்கிறது.

மலையடியில் என் அரை ஏக்கர் புல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் இசைவாணி. இரண்டு கறவை மாடுகளைத் தவிர வேறு சொத்தில்லாதவர். சித்திரை உச்சிவெயிலில் சாணக்கரைசலைப் புல்லுக்கு ஊற்றினார். கண் எரிந்தது, மூக்கு எரிந்தது. வாரம் கடந்தும் புல் வெளுத்தே கிடந்தது. எங்கே போனது சத்து?

“நெடி மூக்குல ஏறுது இல்லீங்களா, அதாங்க சத்து. காத்துல போய்க்கினு இருக்குது” என்றார் என்னிடம்.

தழைச்சத்து காற்றில் கரையும் என்று நூல்கள் சொல்வதை, அவருக்கு அவர் கண்ணீரே சொல்லிவிட்டது! அடுத்தமுறை பொழுது சாய்ந்தபின் ஊற்றினார். உடனே மண் தள்ளி மூடினார். நெடி அடங்கியது. புல் நிமிர்ந்தது.

என்ன ஐயா, பின்னால் சிரிக்கிறீர்கள்? சாணத்துக்கு ஒரு மேடையா என்றா? பாலுக்கு மேடை உண்டென்றால் சாணத்துக்கும் உண்டு!

ஐப்பசியில் பெருமழை வருமென்றார்கள். என் தொழுவத்துச் சாணத் தொட்டியோ தளும்பி நின்றது.

“இன்னிக்கே எல்லாத்தையும் புல்லு மேல கொட்டிடும்மா” என்றேன் இசைவாணியிடம்.

“வேணாங்க. இவ்ளோ ஜாஸ்தி கொட்டுனா மழை அரிச்சிக்கினு கீழ எறங்கும். கீழ எங்க தெரு கெணறு இருக்குது. கைக்கொழந்தைங்க குடிக்கிற தண்ணிங்க.”

“அப்ப குத்தகைய வுட்டுடு.”

“வுட்டுடறேங்க. கெணத்த மட்டும் கெடுத்துடாதீங்க.”

மாடுகளை ஓட்டிக்கொண்டு பனிப்புகைக்குள் நடந்தார். மணியோசை மட்டும் சிறிதுநேரம் மிதந்தது. பிறகு அதுவும் இல்லை. வாளியைத் தூக்கினேன். கைக்குழந்தைகள் என்றாரே! இறக்கிவைத்தேன். தொட்டியைத் தகரத்தால் மூடிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் மழை. நான்காம் நாள், கனவில் நடப்பவன்போல் அந்தக் கிணற்றடிக்குப் போனேன். அடிக்கல் தெரியும் தெளிந்த நீர்! இசைவாணி ஒரு குடம் இறைத்தார்.

“குடிங்க.”

குடித்தேன். அறுபது வயதில், அந்தத் தெருவின் தண்ணீரை நான் குடித்தது அதுவே முதன்முறை.

“குத்தகை உன்னுதுதாம்மா. எரு எப்ப போடறதுன்னு இனிமே நீதான் சொல்லணும்” என்றேன்.

“ஈரம் கொஞ்சம் வடியட்டுங்க. அப்புறம் கம்மி கம்மியா போடலாம்.”

பெரியோர்களே! நிலத்துக்கு உரியவர் யார்? பத்திரத்தைப் பூட்டிவைத்தவரா? அந்த நிலம் விடும் மூச்சுக்கும், அது கசியவிடும் நீருக்கும் பொறுப்பேற்றவரா? அம்மா இசைவாணி, அன்று கேட்காத மன்னிப்பை இன்று இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்!