‘ஹாஞ்சி’யை நம்பாத டாக்டரம்மாவுக்கு

கடல் கடந்து வந்து காய்ச்சலுக்கும் கண்ணீருக்கும் கைகொடுத்த கருணைச் செல்வியே, மரைன் ஹில் மேட்டிலிருந்து மழையென்றும் பாராமல் இறங்கி வந்து மருந்தோடு மனத்தெம்பும் வழங்கிய மாதரசியே, எங்கள் டாக்டர் மங்கையர்க்கரசி அம்மையீர், வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து வார்டுக்குப் போய்விடுவீர்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே இனி அவையோரைப் பார்த்தே பேசுகிறோம். தாங்கள் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். எங்களைப் பிரிந்து ஊர் திரும்பும் இன்று ஒருநாள் எங்கள் சொல்படி.

டாக்டரம்மா இந்த அந்தமான் தீவுக்கு வந்த புதிது. பெரார்கஞ்ச் கிராமத்தில் ஒருவருடைய வைக்கோல் போரும் மாட்டுக்கொட்டிலும் எரிந்துபோயின. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த கண்ணையாவைப் பிடித்தார்கள். மீசை முளைத்த ஆள்தான், ஆனால் அறிவு நாலு வயதோடு நின்றுவிட்டது. “ஆக் லகாயா?” என்று தீ வைத்ததைப் பற்றிப் போலீஸ் கேட்டது. “ஹாஞ்சி” என்றான். இந்தியில் கேட்டாலும் ஹாஞ்சி, தமிழில் கேட்டாலும் ஹாஞ்சி. ஆமாம் என்றால் அதட்டுகிறவர்கள் அடங்கிவிடுவார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லும்படி கோர்ட் அவனை டாக்டரம்மாவிடம் அனுப்பியது.

சாட்சி சொல்ல வந்த டாக்டரம்மா, நீதிபதியின் அனுமதியோடு அவனைக் கேட்டார். “கண்ணையா, நேத்து மழையைப் பெய்ய வச்சது நீயா?” “ஹாஞ்சி.” “சாத்தம் தீவைக் கடல்ல கொண்டுவந்து வச்சது நீயா?” “ஹாஞ்சி.” கோர்ட்டே சிரித்தது. கண்ணையாவும் சேர்ந்து சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இவன் ‘ஆமாம்’ என்பதற்கு அர்த்தம் கிடையாது, இவனை விசாரிப்பது நியாயமில்லை என்றார். கோர்ட் ஒப்புக்கொண்டது.

வழக்கு நின்றதே தவிர, அவன் வீட்டுக்குப் போகவில்லை. புத்தி தெளியும்வரை காவல் என்றார்கள். காய்ச்சலென்றால் தெளியும், பிறவியிலேயே உள்ளது எப்படித் தெளியும்? பிள்ளையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் தாய் மீனாம்பாள் மனுப் போட்டார். தாயோடு போகிறாயா என்று அவனைக் கேட்டார்கள். “ஹாஞ்சி” என்றவன், கூண்டைவிட்டு இறங்கி வந்து அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். ஜெயிலிலேயே இருக்கிறாயா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். முந்தானையை விடாமலே அதற்கும் “ஹாஞ்சி” என்றான். “இவன் ஆமாம் என்பதற்கு அர்த்தமில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்தார். “அவன் கையைப் பாருங்க” என்று டாக்டரம்மா மன்றாடினார். வாயில் வந்ததைத்தான் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் ஆண்துணை இல்லை என்று மனுவைத் தள்ளி, அவனை மெயின்லாண்டு மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கப்பலேற்றினார்கள்.

அதற்குப் பிறகுதான் நம் வார்டில் அந்த வழக்கம் வந்தது. ‘வலிக்கிறதா’ என்று கேட்கக் கூடாது; ‘எங்கே வலிக்கிறது’ என்றுதான் கேட்க வேண்டும். மறந்து கேட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்களில் யாருமில்லை. கோர்ட் அப்படிப்பட்டவர்களை அனுப்பும்போதெல்லாம், அவர்களைப் பொறுப்பேற்க உறவில் ஓர் ஆளைத் தேடிப்பிடித்து நிறுத்திவிட்டுத்தான் அவர் சாட்சி சொல்லப் போனார். அப்படி வீடு திரும்பியவர்கள் சிலர் இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

கண்ணையா திரும்பவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. டாக்டரம்மா நர்ஸ் ருக்குவை அழைத்துக்கொண்டு பாம்பூஃப்ளாட்டுக்குப் படகேறி, அங்கிருந்து பெரார்கஞ்ச் போனார். மீனாம்பாள் அழவில்லை. “கடைசியில என்னை நெனச்சானாம்மா?” என்று மட்டும் கேட்டார். “ஆமா” என்றார் டாக்டரம்மா. திரும்பும் படகில் அவர் அந்தத் தந்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார் என்று ருக்கு சொல்வார்.

அம்மையீர், அவையோரிடம் பேசி முடித்தோம். உண்மை தெரியாமலே தாங்கள் சொன்ன ஒரே ‘ஆமாம்’ அது. இத்தனை வருஷம் அதைச் சுமந்தீர்கள். எங்களுக்கு அது பொறுக்கவில்லை. அதை இங்கேயே எங்களிடம் இறக்கிவைத்துவிட்டுக் கப்பலேறுங்கள்.

பிணி அண்டாமல், நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். மாதாமாதம் கடிதம் போடுவோம். அதில் நலமா என்று கேட்க மாட்டோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம், உள்ளதை எழுதுங்கள்.

தங்களிடம் கேட்கக் கற்றுக்கொண்ட
மருத்துவமனை ஊழியர்கள்
போர்ட் பிளேர், 1974