படித்தேன், சரி

எதையும் படித்துப் பார்க்காமல் ‘சரி’ என்று சொல்லாத மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான், சார். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பேன். ஷாம்பு பாட்டிலில் ‘கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று போட்டிருந்தால், அதை முழுக்கப் படித்த பிறகுதான் கண்ணில் போட்டுக்கொள்வேன். இந்த அறைக்குள் வந்ததும் அந்தத் தீயணைப்பானில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். அது காலாவதியாகிவிட்டது. நேரம் கிடைத்தால் மாற்றிவிடுங்கள்.

எங்கள் கணினி கிளப்பின் வெப்சைட் பொதுச் சொத்து. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம். ஒரே ஒரு விதி. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்து, கீழே ‘படித்தேன், சரி’ என்று எழுத வேண்டும். எழுதினால்தான் பட்டன் பச்சையாகும். பச்சையை அழுத்தினால் அடுத்த நிமிடம் ஊர் உலகமே பார்க்கலாம். அருமையான விதி. என்ன, யாரும் படிப்பதில்லை.

நான் அமைதியான முறையில் எடுத்துச் சொன்னேன். யார் வேகமாக ‘படித்தேன், சரி’ எழுதுகிறாரோ அவருக்கு ‘கண்மூடி விருது’ என்று அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். கிளப் செயலாளர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ஏற்புரையும் நிகழ்த்தினார். பிறகு ‘கிளப்பின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘ஏசி போட்ட அறையில் உறங்குதல்’ என்று மாற்றினேன். படித்தேன், சரி. தலைவரின் படத்தை எடுத்துவிட்டு ஒரு காலி நாற்காலியின் படத்தை வைத்தேன். படித்தேன், சரி. நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. தலைவருக்கே தெரியாது.

கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. நாற்காலியால் யாருக்கும் நஷ்டமில்லை, நஷ்டமில்லாததை எவன் படிப்பான்? படிக்காமல் விட்டால் வலிக்க வேண்டும். அப்படி ஒரு வரி எனக்குத் தேவைப்பட்டது.

குடையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

பழைய கீபோர்டு, சர்க்யூட் போர்டு என்று ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்குவதால், உறுப்பினர் பக்கத்தில் எல்லோருடைய படமும் முகவரியும் இருக்கும். எங்கள் உறுப்பினர் ஒருத்தியுடையது மட்டும் இருக்காது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குடை. அதனால் அவள் பெயரே குடை ஆகிவிட்டது. அந்த மறைப்பை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

“அண்ணனுக்கு நான் இருக்கிற இடம் தெரிஞ்சா அப்புறம் நான் இல்லடா. புரியுதா?”

“புரியுது.”

“சிரிக்காம சொல்லு.”

“புரியுது.”

ஆக, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

உறுப்பினர் பக்கத்தை ஒழுங்கு செய்வதாகச் சொல்லி நானூறு வரிகளை லேசாக இடம் நகர்த்தினேன். நடுவில் ஒரு வரியில், ‘மறை’ என்று இருந்ததைக் ‘காட்டு’ என்று மாற்றினேன். அதை அவளுக்குத்தான் அனுப்பினேன். அவளுடைய பக்கம், அவளுடைய உயிர். யாராவது படிப்பார்கள் என்றால் அவள்தானே படிக்க வேண்டும்? நியாயமாகத்தான் யோசித்திருக்கிறேன்.

அவள் எதிரில் உட்கார்ந்து, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சிக்கிக் கிடந்த ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், நானூறு வரியா? கண்ணு அவிஞ்சுடும்டா.”

“படிச்சுட்டுச் சொல்லு.”

“போடா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

படித்தேன், சரி. பச்சையை நான் அழுத்தினேன்.

அன்று சாயங்காலமே உண்மையைச் சொல்லி, கண்மூடி விருதைக் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அட்டைகூட வெட்டியாயிற்று. ஆனால் தானாகக் கவனிக்கட்டுமே, எவ்வளவு நாள் ஆகிறது பார்க்கலாம் என்று தோன்றியது. வெப்சைட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்ற கணக்கை அடிக்கடி திறந்து பார்த்தேன். எப்போதும் ஈயாடும். அந்த வாரம் ஒருவர் வந்தார். மறுபடி வந்தார். ஒரே பக்கத்தைத்தான் திறந்தார், குடையின் பக்கத்தை. உங்களிடம் மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒரு ஆள் படிக்கிறான்.

மற்றவர்கள் எல்லாம் வகுப்பில் இருந்த ஒரு மத்தியானம், அவர் கிளப் அறைக்கே வந்தார். கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. குடையின் புருவம் அப்படியே அவர் முகத்தில் இருந்தது.

“தம்பி, இந்த வெப்சைட் நீங்க செஞ்சதா?”

“எல்லாரும் சேந்து செய்றது.”

“ரொம்ப நல்லா இருக்கு. நான் தினம் பாக்குறேன்.”

எங்கள் வெப்சைட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

“ஒரே ஒரு குறைதான். தெரு போட்டிருக்கீங்க, கதவு நம்பர் போட்டிருக்கீங்க. போய்ப் பாத்தா நாலு மாடி. எந்த மாடின்னு போடலையேப்பா. தங்கச்சி முன்னால திடீர்னு போய் நிக்கலாம்னு பாத்தேன்.”

பேசிக்கொண்டே என் தோளில் கை வைத்தார். கனமாக வைக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் என் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் இருந்தது.

யார் குறை கண்டுபிடித்துச் சொன்னாலும் நன்றி சொல்லி, உடனே சரிசெய்து கொடுப்பது எங்கள் கிளப்பின் வழக்கம். நன்றி சொன்னேன். மூன்றாவது மாடி, படி ஏறியதும் இடது கை கதவு என்றும் சொன்னேன். பயத்தில் சொல்லவில்லை, சார். அதை உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். என் நாற்காலி கிறீச் கிறீச் என்றது உண்மைதான். யார் உட்கார்ந்தாலும் அது அப்படித்தான்.

போகும்போது, கதவைச் சாத்திவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

ஏன் அவளுக்கு உடனே போன் செய்யவில்லை என்கிறீர்கள். போனைக் கையில் எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? தவறு நடந்தால் முதலில் தவறைத் திருத்துவதுதானே முறை. ‘காட்டு’ என்பதைத் திரும்பவும் ‘மறை’ என்று மாற்றினேன். அதற்கும் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், விதி விதிதான். வேறு யாரும் ஆன்லைனில் இல்லை. குடை மட்டும் காய்ச்சல் என்று தன் அறையிலேயே இருந்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கே அனுப்பினேன். ஒரே ஒரு வரி.

பதில் வரவில்லை. இந்த முறை நிதானமாகப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் புள்ளி அணைந்தது. நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். சாத்திய கதவை எழுந்து போய்த் திறக்க முடியவில்லை. பூட்டவில்லை, சும்மா சாத்தியிருந்த கதவு.

அவள் அறைக் கதவு திறந்து கிடந்தது, அடுப்பில் பால் கருகிக்கொண்டிருந்தது, செருப்பு வாசலிலேயே இருந்தது. இதெல்லாம் வீட்டுக்காரம்மா சொன்னதாக நீங்கள் எனக்குச் சொன்னது. அதற்கு மேல் நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று, சார். நானூறில் அந்த ஒரு வரியை அவள் படித்திருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அதையும் எழுத்தர் எழுதிக்கொண்டாரா?

எழுதி முடித்தாயிற்றா? நான்கு தாள். முதல் வரியிலேயே அவளுடைய உண்மையான பெயர் இருக்கிறது. பெயருக்கு முன்னால் ‘இற’ என்று தொடங்கும் ஏதோ ஒரு சொல் இருக்கிறது. மீதி உங்கள் விரலுக்கு அடியில் இருக்கிறது.

விரலை எடுக்க வேண்டாம், சார்.

இல்லை, அவசரமில்லை. கண் கொஞ்சம் எரிகிறது, அவ்வளவுதான். நான் எதற்குப் படிக்க வேண்டும்? நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும். கடைசித் தாளை மட்டும் திருப்பி வையுங்கள். அதை மட்டும். பேனா கொடுங்கள்.

இங்கேயா?

படித்தேன், சரி.