வாசல்ல கெடந்த ஷூ

அய்யோ, அத ஏன் தூக்கிட்டுப் போயி முருங்க மரத்துக்குப் பின்னால ஒளிக்கிய? விடுங்க விஜயராஜ். பேரச் சொன்னா கோவமில்லயே? பொண்ணும் மாப்பிள்ளையும் தனியா பேசிட்டு வாங்கன்னு பெரியவங்க அனுப்பிருக்காவ. நீங்க என்னன்னா மொத வேலையா ஷூவ ஒளிக்க வந்திருக்கிய.

சிரிக்கல, சத்தியமா. சரி, கொஞ்சம் சிரிச்சேன். பின்ன என்ன செய்ய? எங்கப்பா பீரோவுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாவல்லா, எதுக்குன்னு நெனச்சிய? எலி செத்துக் கெடக்குன்னுதான். எங்க சித்தி பட்டப்பகல்ல நாலு ஊதுவத்தியப் பொருத்திட்டு வந்து, இன்னைக்கு செவ்வாக்கெழமல்லாங்கா. ஞாயித்துக்கெழமயில! நீங்க பாவம், கால நாற்காலிக்கு அடியில இழுத்து இழுத்து, கடைசியில சம்மணமே போட்டுட்டிய.

தெரியும், ஷிப்ட்டு முடிஞ்சு நேரா வந்திருக்கிய. ஹார்பர்ல நிலக்கரிக் கப்பல் நின்னா நாள் முச்சூடும் சேஃப்டி ஷூதான், கழத்த முடியாது. உங்களச் சொல்லிக் குத்தமில்ல.

என்னது, சென்ட் அடிச்சியளா? ஷூவுக்குள்ளயா? அதான பாத்தேன்! யாரோ மல்லியப்பூவ கருவாட்டுக் கூடையில கொட்டிட்டாவன்னு நெனச்சேன்.

இங்கன பாருங்க, நாத்தம் உங்க கால்ல இல்ல, ஈரத்துல. நம்மூரு உப்புக் காத்துல ஒரு ராத்திரியில எந்த ஷூவும் காயாது. நேத்து வேர்த்ததயே இன்னைக்கும் மாட்டுதிய. இன்னொரு ஜோடி வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க. கழத்துனதும் எங்க வைப்பிய? வண்டி சீட்டுக்கு அடியிலயா, பிளாஸ்டிக் பையிலயா? வெளங்கிரும்! உள்ள இருக்க அட்டைய உருவிட்டு, பழைய பேப்பரக் கசக்கித் திணிச்சு, காத்தோட்டமா நெழல்ல வைங்க. உச்சி வெயில்ல வச்சா தோலு வெடிச்சிரும். படுக்கப் போகும்போது ஆப்பசோடா கொஞ்சம் தூவி, காலையில தட்டிருங்க. பருத்தி சாக்ஸ் போட்டு, சாப்பாட்டு நேரத்துல வேற மாத்திக்கிடுங்க. குளிச்சா வெரலு இடுக்கத் தொடப்பியளா? ஏன் கீழ பாக்கிய? அங்கன அரிப்பு இருந்தா டாக்டர்ட்ட காட்டிரணும், வெக்கப்பட்டா அது போயிராது.

எனக்கு எப்படித் தெரியும்னா? எறால் கம்பெனியில வேலன்னு தரகர் சொல்லிருப்பாரே. ஐஸ் தண்ணியிலதான் நிப்போம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். எட்டு மணி நேரம் உள்ள கெடந்து கால் ஊறி நாறிப் போவும்.

போன வைகாசியில எட்டயபுரத்துலருந்து ஒரு வீட்டுக்காரவ என்னயப் பாக்க வந்தாவ. எனக்கும் அன்னைக்கு லீவு தரல. ஓடியாந்து அவசரமா காலக் கழுவி, சேலையக் கட்டிட்டு காப்பி கொடுத்தேன். மாப்பிள்ளையோட அக்கா டம்ளர வாங்கும்போதே முந்தானைய எடுத்து மூக்குல வச்சா. எல்லாரும் பாத்தாவ. சாயங்காலம் ஜாதகம் பொருந்தலன்னு போன் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் யார் வீட்டுக்குள்ளயும் போகல. வாசல்லயே நின்னு பேசிட்டு வந்திருவேன். கூட வேல பாக்க ஸ்டெபிதான் என்னய உக்கார வச்சு இதெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுத்தா.

அய்ய, நீங்க ஏன் மூஞ்சத் தொங்கப் போடுதிய? நல்லதாப் போச்சு. அந்த வீட்டுல போயி யாரு மாட்டுவா?

சரி, வாங்க உள்ள. ரெண்டு வீட்டு ஆளுவளும் உங்க பதிலுக்குத்தான் காத்திருக்காவ. என் பதிலா? அத அப்பமே அடுப்படியில எங்கம்மாட்ட சொல்லிட்டேன். என்ன சொன்னன்னா கேக்கிய? வேண்டாத ஆளுக்கு எவளாவது இம்புட்டு நேரம் நின்னு சாக்ஸ் மாத்தச் சொல்லுவாளா?